அறுநூற்றுப் பதின்மூன்றாவது கூட்டம்

வியாழன், மாலை ஏழு. தொண்டி, சிமெண்டுக் கடை மாடி.
தலைவர் மணியை ஆட்டினார்.
உப்புக் காற்றில் நாக்கு இறுகிப்போன மணி.
மேசையைத் தட்டினார்,
கூட்டம் தொடங்கியது.

வருகை பதினொன்று. தாமதம் மூன்று,
ஆளுக்கு இருபது ரூபாய் அபராதம்.
செய்யது இபுராம்சா நூறாகக் கொடுத்து
மீதியை வரப்போகும் நாலு வியாழனுக்கு
வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சிறப்பு விருந்தினர் காரைக்குடிக்காரர்.
தலைப்பு: நேரத்தை வெல்ல ஏழு வழிகள்.
நாலாவது வழியில் கரண்ட் போனது.
திரையாகக் கட்டியிருந்த என் வேட்டி
வாடைக்கு உப்பி உப்பி அமர்ந்தது.
அவர் நிறுத்தவில்லை. செல்போன் வெளிச்சத்தில்
நிமிடங்களைச் சேமிக்கச் சொன்னார்.
பூமிநாதன் ஒரு கொட்டாவியைக்
கைக்குட்டைக்குள் மடித்து வைத்தார்.

அடுத்து, ஊர்ச் செய்திகள்.
கண் முகாமில் நாற்பத்தாறு பேர்.
இரண்டு பேர் கண்ணாடியை மாற்றி எடுத்துப் போய்
இரண்டு நாள் நன்றாகவே தெரிகிறது என்றிருந்தார்கள்.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு பி நெகட்டிவ் ரத்தம்
ஒருவர் கொடுத்தார். பெயர் வேண்டாம் என்றார்.
எழுதவில்லை.

பிறகு, ஃப்ரீசர் பெட்டி.
சங்கத்துக்கு இருப்பது ஒன்றே ஒன்று.
ஞாயிறு காலை நம்புதாளைக்குப் போனது.
கடலுக்குப் போன தவசிலிங்கம் திரும்பவில்லை,
வல்லம் மட்டும் கிடைத்தது.
கடல் கொடுப்பதை வைத்துப் பார்க்க முடியாது,
பெட்டி தயாராக இருக்கட்டும் என்று
கொழுந்தன்மார் எடுத்துப் போனார்கள்.
பதிவேட்டில் இறந்தவர் பெயர் என்ற கட்டம் வெறுமை.
நிரப்பப் போன பேனாவை
வள்ளிமயில் பிடுங்கிக்கொண்டாளாம்.

இன்று மத்தியானம் திருவாடானையிலிருந்து போன்.
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் போய்விட்டார்,
மகன் மஸ்கட்டிலிருந்து சனிக்கிழமைதான் வருகிறான்,
பெட்டி வேண்டும்.

"நாலு நாளா காலிப் பெட்டி ஓடுது"
என்றார் பொருளாளர்.
"காலின்னு யாரு போய்ச் சொல்றது?"
என்றார் இபுராம்சா.
"எங்க மய்யித்துக்கு இது தேவையில்ல,
பொழுதுக்குள்ள எடுத்துருவோம்.
ஆனாலும் பதினாறு வருசமா
இதோட சாவி என் இடுப்புலதான் கெடக்கு.
திறந்து வாங்கிட்டு வர்றது
என்னால ஆகாது."

லிகோரி போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.
அதுவரை வாய் திறக்கவில்லை.
"காலியா இல்ல" என்றார்.
"உள்ள ஒரு செம்பு தண்ணி இருக்கு.
தட்டு போட்டு மூடி.
என்னம்மா இதுன்னேன்.
நாலு நாளா உப்புக்குள்ள கெடந்துட்டு வர்ற ஆளு,
சில்லுனு ஒரு வாய் குடிக்கட்டும்னுச்சு."

கரண்ட் வந்தது.
வேட்டியில் பெரிய எழுத்தில்:
ஐந்தாவது வழி, முடிவுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.
விருந்தினர் எழுந்து போய்
புரொஜெக்டரின் கண்ணை உள்ளங்கையால் மூடினார்.
ஐந்தாவது வழி அவர் கைக்குள் சிவப்பாக எரிந்தது.

தீர்மானம் என்று எதுவும் நிறைவேறவில்லை.
யாரோ ஐஸ் கம்பெனிக்கு போன் போட்டார்கள்.
பன்னிரண்டு பார் ஐஸ், இரண்டு மூட்டை மரத்தூள்,
அபராதக் காசும் போயிற்று,
இபுராம்சாவின் வரப்போகும் வியாழன்களும்.
எட்டே முக்கால் பஸ் கிளம்பிவிட்டிருந்தது.
ஐஸ் ஏற்றிய குட்டியானையில்
டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து
திருவாடானை வரை போனார் விருந்தினர்,
பொன்னாடை மடியில், கால்மாட்டில் ஈரம்.

நாற்காலிகளை மடக்கினோம்.
வாடை இழுத்தால் காரங்காடு,
இன்னும் இழுத்தால் மோர்ப்பண்ணை.
எல்லோருக்கும் தெரியும்,
படியிறங்கும்போது மழையைப் பற்றிப் பேசினோம்.

குறிப்பேட்டை இப்போதுதான் முடிக்கிறேன்.
அடுத்த வாரப் பேச்சாளர்: முடிவாகவில்லை.
மணி: எண்ணெய் விட வேண்டும்.
பெட்டி: வெளியில்.
திரும்பும் தேதி:
கரண்ட் பில்: சங்கம் கட்டும்.